எண்ணியவன் விடுபட்ட கணக்கு

வத்திராயிருப்பு வட்டாரத்தில், கூமாப்பட்டிக்குப் பக்கத்தில், மேற்கு மலையடிவாரத்தில் இருக்கிறது கான்சாபுரம். கான்சாகிபின் பெயரால் அமைந்த ஊர் என்பது வழக்கு. ராமநாதபுரம் சீமைப் பனையூர்க்காரர். மருதநாயகமாகப் பிறந்து முகம்மது யூசுப் கான் ஆனவர். கிழக்கிந்தியக் கும்பெனியின் சிப்பாய்ப் படைக்குத் தளபதி. 1758-59ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே நின்று அவர்களை அலைக்கழித்துக் கும்பெனிக்கு மூச்சுவிட இடம் தந்தவர். அதன் பிறகு மதுரையும் திருநெல்வேலியும் அவர் கைக்கு வந்தன. வரிப்பணத்தை யாரிடம் கட்டுவது என்பதில்தான் தகராறு முளைத்தது. நாட்டுக்கு உடையவன் நான், என்னிடம் கட்டு என்றார் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி. கும்பெனியிடமே நேராகக் கட்டிவிடுகிறேன் என்றார் கான்சாகிபு. கும்பெனியார் கூடிப் பேசினார்கள். முறைப்படி நவாபே அதிபதி, நாம் அவருக்குத் துணை மட்டுமே, ஆகவே கான்சாகிபு கலகக்காரர் என்று முடிவு கட்டினார்கள். 1763ல் படை கிளம்பியது. மதுரைக் கோட்டை மாதக்கணக்கில் தாங்கியது. கடைசியில் உள்ளிருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

1801ல் அதே கும்பெனி கர்நாடக நாட்டு நிர்வாகத்தை முழுக்கத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. நவாபுக்கு மிஞ்சியது பட்டமும் பராமரிப்புப் பணமும்தான். எந்த அதிகாரத்தை மீறினார் என்று ஒருவர் தூக்கில் தொங்கினாரோ, அந்த அதிகாரத்தை 37 ஆண்டுகளில், தூக்கிலிடத் துணைநின்றவர்களே விழுங்கிவிட்டார்கள். கதை அத்தோடும் முடியவில்லை. 1997 அக்டோபர் 16 அன்று, சென்னை எம்.ஜி.ஆர். திரைப்பட நகரில் கமல்ஹாசனின் 'மருதநாயகம்' படத் தொடக்க விழா நடந்தது. வந்து சிறப்பித்தவர் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத். தூக்கிலிட்ட நாளின் 233ஆம் ஆண்டு நிறைவு முந்தைய நாள்தான் கழிந்திருந்தது. படம் இன்றுவரை வெளிவரவில்லை.

தூக்கு, அதற்குக் கும்பெனி சொன்ன தர்க்கம், அரசியின் வருகை என்ற இந்த மூன்றையும் ஒரே மூச்சில் 'அபத்தம்' என்று சொல்லிவிடலாம், சொல்லவும் செய்கிறார்கள். ஆனால் மூன்றும் ஒன்றில்லை. தூக்கு, அநியாயம். அரசி வந்தது, வரலாறு தற்செயலாகச் செய்த கேலி. அபத்தம் என்ற பெயர் நடுவில் இருப்பதற்கே பொருந்துகிறது என்பது என் கருத்து: கும்பெனியார் கூடிப் பேசிய அந்தத் தர்க்கத்துக்கு. ஒவ்வொரு படியும் முறையாக இருக்கிறது. நவாப் அதிபதி, அதிபதிக்குக் கட்டாதவர் கலகக்காரர், கலகக்காரருக்குத் தூக்கு. இந்தக் கணக்கில் விட்டுப்போனது ஒன்றே ஒன்று. நவாபை அதிபதியாக நிறுத்தி வைத்திருந்ததே கும்பெனியின் துப்பாக்கிதான். கணக்குப் போட்டவர்கள் தங்களை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

தமிழில் இந்தக் கணக்குக்குப் பழைய முன்மாதிரி உண்டு. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய பரமார்த்த குரு கதையில், குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்து கரையேறித் தலை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒவ்வொரு முறையும் ஐந்துதான் வருகிறது. ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று கூடி அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து ஆளுக்கொரு அடி போட்டு, அடி வாங்கியவன் தன் எண்ணைச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்த பிறகே ஆறு பேரும் 'கிடைக்கிறார்கள்'. 1822ல் பெஞ்சமின் பாபிங்டன் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்ட இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கான சிரிப்புக் கதையாகவே படித்துப் பழகிவிட்டோம். மட்டி, மடையன் என்று பெயர் வைத்திருப்பதால் அவர்களுக்கு அறிவே கிடையாது என்று நினைத்துக்கொள்கிறோம். கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் அவர்கள் ஓயாமல் யோசிக்கிறவர்கள். ஆறு விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துச் சோதிக்கிறார்கள். முதலில் புஸ்ஸென்று சீறுகிறது; ஆகவே விழித்திருக்கிறது. அணைந்த அதே கட்டையைப் பிறகு வைத்துப் பார்க்கிறார்கள், சத்தமில்லை, ஆகவே தூங்குகிறது. சோதனை உண்டு, ஆதாரம் உண்டு, முடிவும் உண்டு. கட்டை அணைந்துபோனதை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

அபத்தத்தைப் புத்திக் குறைவு என்று எடுத்துக்கொள்வதில் இருக்கும் வில்லங்கம் இதுதான். முட்டாள்தனத்தைத் திருத்துவது எளிது. தன் விதியைப் பிசகாமல் பின்பற்றிக்கொண்டு, எதற்காக அந்த விதி வந்தது என்பதைத் திரும்பிப் பாராமல் போய்க்கொண்டேயிருக்கும் அறிவைத் திருத்துவது பெரும்பாடு. ராஜபாளையம் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். காவலுக்கும் வேட்டைக்கும் பேர்போன இனம். 2005ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. பால்வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்கும்தான் அசல் என்று வைத்து, அந்த நிறத்துக்காகவே தலைமுறை தலைமுறையாக இனம் சேர்த்தார்கள். அந்த வெள்ளையோடு பிறவிச் செவிடும் இந்த இனத்தில் சேர்ந்தே வருவது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி. ஒரு குட்டி எவ்வளவு 'அசலோ' அவ்வளவு வெள்ளை. நடுராத்திரியில் சுவரேறிக் குதிக்கிறவனின் காலடி காதில் விழாமல் போகவும் வாய்ப்பு அவ்வளவு கூடுதல். இதில் முட்டாள் என்று யாரைச் சொல்வது? ஒவ்வொருவரும் நல்ல குட்டியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

தெருப்பேச்சில் யாரும் இதையெல்லாம் 'அபத்தம்' என்பதில்லை. 'என்னய்யா கூத்து இது' என்பார்கள், 'கூறுகெட்ட வேலை' என்பார்கள். முன்னதில் வேடிக்கை இருக்கிறது, பின்னதில் கோபம். எழுத்தில் வரும் சொல்லுக்கு இந்த இரண்டு குணமும் உண்டு. அது போக, தர்க்கத்தில் ஒரு வேலை, நீதிமன்றத்தில் ஒரு வேலை, தத்துவத்தில் வேறொரு வேலை என்று பல வேலை பார்க்கிறது.

தர்க்கத்தில் பார்க்கும் வேலையே மிகவும் சுத்தமானது. மணிமேகலையின் 29ஆவது காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் சொல்லித்தரும்போது, வழுவுள்ள வாதங்களைப் போலி என்று வகைப்படுத்துகிறார். பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து. பக்கப்போலிகளில் ஒன்று, சொல்கிறவனின் சொல்லே அவனை மறுப்பது. தன்னைப் பெற்றவளை மலடி என்று ஒருவன் சொல்வது அதற்கு எடுத்துக்காட்டு. இன்னொன்று கண்கூடாகத் தெரிவதற்கு மாறானது. ஒலி காதுக்கு எட்டாதது என்பது போல. மற்றொன்று உலகவழக்கு ஏற்காதது. ஒரு பக்தி இலக்கிய ரசிகரோ கதைப்பிரியரோ சலித்துப்போய்ப் புரட்டிவிடும் பக்கங்கள் இவை. எனக்கோ காப்பியத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது. முயற்கொம்பையும் மலடி மகனையும் ஒரே கூடையில் போடாத நுட்பம் இங்கே இருக்கிறது. முயலுக்குக் கொம்பு இல்லை என்பது உலகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்ட செய்தி. மலடிக்கு மகன் இல்லை என்பதற்கு எந்த ஊரிலும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

கிரேக்கத்தில் இதே கருவியை வைத்துக் கணிதத்தையே கட்டினார்கள். பகா எண்கள் ஓரிடத்தில் முடிந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். முடிகிறவரை உள்ள எல்லாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டுவோம். வரும் எண்ணைப் பட்டியலில் உள்ள எந்தப் பகா எண்ணால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். ஆகவே பட்டியலுக்கு வெளியே இன்னொரு பகா எண் இருந்தே தீர வேண்டும். முழுப் பட்டியல் என்று சொன்னது பொய்யாகிவிட்டது. யூக்ளிடின் இந்த வழியை அப்படியே நாகார்ச்சுனரின் பௌத்தத்திலும் பார்க்கலாம்: எதிராளியின் கொள்கையை மறுக்காமல் ஏற்றுக்கொண்டு, அது எங்கே போய் முட்டுகிறது என்று கூடவே நடந்து காட்டுவது. இங்கே அபத்தம் ஒரு சுவர். சுவரில் முட்டியதும் திரும்பி வந்து, புறப்பட்ட இடத்தில் எடுத்துக்கொண்ட அனுமானத்தைக் கைவிட வேண்டும். தர்க்கத்தில் அபத்தத்துக்கு மதிப்பு இருப்பது இந்தத் திரும்பி வருதலால்தான். பரமார்த்த குருவின் சீடர்கள் திரும்பி வருவதில்லை. கும்பெனியும் வரவில்லை.

சட்டம் பாதி வழி திரும்புகிறது. 1857ல் இங்கிலாந்தில் கிரே எதிர் பியர்சன் வழக்கில் உருவான விதியை நம் நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன: சட்டத்தின் சொற்களுக்கு அவற்றின் இயல்பான பொருளைத்தான் கொள்ள வேண்டும், அது அபத்தத்தில் கொண்டுபோய் விடுமானால் அந்த அளவுக்கு மட்டும் விலகலாம். 1947ல் வெட்னஸ்பரி வழக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் 15 வயதுக்குட்பட்டவர்களைச் சினிமாக் கொட்டகைக்குள் விடக்கூடாது என்று நகராட்சி நிபந்தனை போட்டது. கொட்டகைக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். அதிகாரிகளின் முடிவில் நீதிமன்றம் சட்டென்று தலையிடாது, புத்தியுள்ள எவரும் கனவிலும் நினைக்காத அளவுக்கு அபத்தமாக இருந்தால்தான் தலையிடும் என்றார் கிரீன் பிரபு. தலைமயிர் சிவப்பாக இருக்கிறது என்பதற்காக ஓர் ஆசிரியையை வேலைநீக்கம் செய்வதை எடுத்துக்காட்டாகச் சொன்னார். கொட்டகைக்காரர்கள் தோற்றார்கள். வென்ற நகராட்சியின் பெயரைச் சொல்லி, டெல்லியிலும் சென்னையிலும்கூட இன்றுவரை வழக்குகள் நடக்கின்றன.

இந்த அளவுகோலில் ஓர் ஓட்டை இருக்கிறது. 'புத்தியுள்ள எவரும்' என்றால் யார்? எங்கே நின்று பார்க்கிறவர்? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாடு கொடுத்த விலை பெரிது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத் தஞ்சையில் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1970ல் நாகப்பட்டினத்தில் நடந்த விசாரணையில் மிராசுதார்கள் சிலருக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று பின்னாளில் ஊர் ஊராகப் பேசப்பட்டது: நிறைய நிலபுலம் உடைய பணக்காரர்கள், அவர்களில் ஒருவர் காரே வைத்திருப்பவர், வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள் என்பது நம்பக் கடினமாக இருக்கிறது.

வடிவத்தைப் பாருங்கள். யூக்ளிட் செய்ததுதான். மிராசுதார்கள் நேரில் போனார்கள் என்று வைத்துக்கொள்வோம், அப்படியானால் காருள்ளவர் நடந்துபோனதாக ஆகும், அது பொருந்தாது, ஆகவே அவர்கள் போகவில்லை. சுவரில் முட்டித் திரும்பிய வாதம்தான் இதுவும். ஆனால் முட்டிய இடத்தில் சுவரே கிடையாது. பணக்காரர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதைப் பற்றி மேலேயிருந்து பார்ப்பவருக்கு இருக்கும் ஓர் எண்ணம் மட்டுமே இருந்தது. தீ வைக்கப்பட்ட தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு அதில் பொருந்தாதது எதுவும் இல்லை. எனவே 'இது அபத்தம்' என்று ஒருவர் சொல்லும்போதெல்லாம், சொல்லப்படுவதைக் கேட்கும் முன்பாக, சொல்கிறவர் தன்னை எங்கே நிறுத்திக்கொண்டு எண்ணுகிறார் என்று பார்த்துக்கொள்வது நல்லது. மறுப்பு எழ முடியாத உண்மை போலத் தோன்றி, விசாரணையையே தேவையற்றதாக்கிவிடும் வல்லமை அந்தச் சொல்லுக்கு உண்டு.

அரசியல் மேடையில் இது அன்றாடம் நடக்கிறது, அங்கே நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. ஒரே ஓர் உதாரணம். சோவின் 'முகமது பின் துக்ளக்' நாடகம் 1968ல் மேடையேறியதிலிருந்து, பொருந்தாத அரசாணை எதுவானாலும் 'துக்ளக் தர்பார்' என்பது தமிழர்களின் கைச்சொல். அசல் துக்ளக் செய்த கோமாளித்தனங்களில் முதலில் சொல்லப்படுவது, வெள்ளித் தங்காவுக்கு ஈடாகப் பித்தளை, செம்பு நாணயங்களைச் செல்லுபடியாக்கியது. வீட்டுக்கு வீடு கள்ள நாணயம் அடித்துத் திட்டத்தைக் கவிழ்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் பெறுமானமில்லாத பொருளில் பெறுமானத்தை எழுதிச் செல்லவைப்பது என்ற யோசனையில்தான் இன்று நம் பையிலிருக்கும் ஐநூறு ரூபாய்த் தாள் ஓடுகிறது. ஏழு நூற்றாண்டுக்கு முன்னால் கூத்தாகத் தெரிந்தது இப்போது ரிசர்வ் வங்கி.

தத்துவத்துக்கு வருவோம். தமிழில் 'அபத்தம்' என்றதும் படித்தவர்கள் வாயில் முதலில் வருகிற பெயர் ஆல்பெர் காம்யு. 1942ல் அவர் எழுதிய நாவலை 'அந்நியன்' என்று வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே மொழிபெயர்க்க, க்ரியா 1980ல் வெளியிட்டது. அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னதாக, மகனைப் பலியிடக் கிளம்பிய ஆபிரகாமின் நம்பிக்கையை விளக்க டென்மார்க்கின் கீர்க்ககார்டு இந்தக் கருத்தைக் கையாண்டிருந்தார் (1843); அவருக்கு அபத்தம் கடவுளிடம் போகும் வாசல். காம்யு அந்த வாசலைச் சாத்திவிட்டார். மனிதன் பொருள் கேட்கிறான், உலகம் வாய் திறப்பதில்லை. கேள்வியிலும் அபத்தம் இல்லை, மௌனத்திலும் இல்லை, இரண்டும் எதிரெதிரே நிற்பதில் இருக்கிறது. இந்த விளக்கம் எனக்கு உடன்பாடே. அதிலிருந்து அவர் போகிற இடத்தில்தான் தயக்கம். பாறையை மலையுச்சிக்கு உருட்டிக்கொண்டே இருக்கச் சபிக்கப்பட்ட சிசிபஸை, சலிக்காத வீரனாக, மகிழ்ச்சியானவனாக நாம் நினைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். அமெரிக்கத் தத்துவவாதி தாமஸ் நேகல் 1971ல் எழுதிய கட்டுரையில் இதைக் கொஞ்சம் மிகையான வீராப்பு என்று ஒதுக்கினார். வாழ்க்கையை நாம் தீவிரமாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க முடிவதில்லை. அதே சமயம் ஓரடி பின்னால் நகர்ந்து இதெல்லாம் எதற்கு என்று கேட்காமலும் இருக்க முடிவதில்லை. இந்த இரட்டைப் பார்வை மனிதனுக்கு மட்டுமே வாய்த்தது. அதற்குக் கண்ணீரோ முஷ்டியோ வேண்டியதில்லை, ஒரு மெல்லிய நகைப்பு போதும். நேகல் பக்கம்தான் என் ஓட்டு.

கான்சாபுரத்திலிருந்து பார்த்தால் தெரியும் மலைகளில் சதுரகிரி இருக்கிறது, சித்தர்கள் உலவும் மலை என்று ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கானோர் ஏறுவது. சித்தர் பாடல்களில் எல்லாம் அபத்த தத்துவம் முன்பே இருக்கிறது என்று சொல்லும் ஆசை நம்மவர்களுக்கு உண்டு. கடுவெளிச் சித்தர் பாடலில் வரும் ஆண்டியைத்தான் பெரும்பாலும் சாட்சிக்கு இழுப்பார்கள்: பத்து மாதம் குயவனிடம் கெஞ்சி ஒரு தோண்டி வாங்கி, அதைத் தூக்கிக்கொண்டு கூத்தாடிக் கூத்தாடிப் போட்டு உடைத்தவன். மேலோட்டமாகச் சிசிபஸுக்கு அண்ணன் போலத்தான் தெரிகிறான். ஆனால் சித்தர் அவனை மகிழ்ச்சியானவனாக நினைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆடியிருக்க வேண்டியதில்லை என்கிறார். தோண்டியை உடைக்காமல் கொண்டுபோக வழி இருக்கிறது, அது தெரியாமல் போயிற்றே என்பது அவர் ஆற்றாமை. வழி இருக்கிறது என்று நம்புகிறவரைக் காம்யுவின் அணியில் சேர்ப்பது இருவருக்கும் செய்யும் அநீதி.

நாடகத்தில் நடந்த இறக்குமதி இன்னும் சுவையானது. பெக்கெட்டின் கோடோ நாடகம் 1953 ஜனவரியில் பாரிஸில் மேடையேறியது. இந்த வகை நாடகங்களுக்கு மார்ட்டின் எஸ்லின் 1961ல் 'அபத்த அரங்கு' என்று பெயர் வைத்தார். தமிழில் ந. முத்துசாமியின் 'காலம் காலமாக', 'நாற்காலிக்காரர்' போன்றவை சிறுபத்திரிகைகளில் வந்தபோது அதே முத்திரை அவற்றின் மேலும் விழுந்தது. முத்துசாமியோ பாரிஸ் பக்கம் போகாமல் புரிசைத் தெருக்கூத்தின் பக்கம் போனார். அங்கே அவருக்குக் கிடைத்ததைத் தேடி எந்த அபத்த அரங்குக்கும் போயிருக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். ராஜா சிம்மாசனத்தில் இருக்கும்போதே கட்டியங்காரன் அவருக்கும் சனங்களுக்கும் நடுவில் நின்று அவரையே நக்கலடிக்கிறான். தென்மாவட்டத் தோல்பாவைக்கூத்தில் ராமாயணம் உச்சத்தில் இருக்கும்போது உச்சிக்குடுமியும் உளுவத்தலையனும் திரையில் நுழைந்து, அசோகவனத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஊர்வம்பைப் பேசுகிறார்கள். சீதையின் துயரத்தை அது கெடுப்பதில்லை. ஒரே திரையில் இரண்டும் நிற்க இடம் இருக்கிறது.

எழுத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தவர் புதுமைப்பித்தன். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' (1943) கதையில் கடவுள் சென்னைக்கு வருகிறார். கந்தசாமிப் பிள்ளை பதறவில்லை, காலில் விழவில்லை; காப்பிக்குக் கூட்டிப் போகிறார், தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்கிறார். ஆடலரசனே ஆடிக் காட்டியும் ரசிகப் பெருமகனுக்கு அது சாஸ்திரப்படி இல்லை என்று படுகிறது. கதை முழுவதும் ஓர் அதிசயமும் நடக்காததுதான் அதிலுள்ள அதிசயம். உலகத்தின் நடைமுறை கடவுளுக்காகக்கூட ஓர் இம்மி நகர்ந்துகொடுக்காது என்பதை இதைவிடக் குளிர்ச்சியாகச் சொல்ல முடியாது. அந்த நடைமுறையில் அகப்பட்டது கடவுளாக இல்லாமல் ஒரு கிராமமாக இருந்தால் சிரிப்பு அடங்கிவிடும். கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' (1980, பாலசந்தர் அடுத்த ஆண்டு படமாக்கினார்) அதைத்தான் காட்டியது. தண்ணீர் இல்லாத கரிசல் கிராமம். மனுப் போட்டு ஓய்ந்து, தேர்தலைப் புறக்கணித்து, எதற்கும் பலனில்லாமல் தாங்களே கால்வாய் வெட்டத் தொடங்குகிறார்கள். அதுவரை வராத அரசாங்கம் அப்போது வருகிறது, வெட்டுவதைத் தடுக்க. சட்டப்படி அரசாங்கம் சொன்னது சரி. அனுமதியில்லாமல் யாரும் கால்வாய் வெட்டக் கூடாது.

எல்லா அபத்தமும் கொல்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜூன் மாதம் கூமாப்பட்டியைத் 'தனி ஐலேண்டு' என்று இளைஞர் ஒருவர் பிளவக்கல் அணைத் தண்ணீர் பின்னணியில் நின்று பேசிய காணொளி தமிழ்நாடெங்கும் பரவியது. மலையடிவாரத்து விவசாய ஊர் தீவாக இருக்க முடியாது என்பது பார்த்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தேதான் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வந்தவர்கள் ஏமாந்ததாகச் சொன்னதிலும் பாதி வேடிக்கைதான். யாரும் யாரையும் ஏமாற்றாத பொய் இது. தாலாட்டிலும் கல்யாண வீட்டுக் கேலியிலும் இருக்கும் மிகையின் வம்சம். இதையும் கீழ்வெண்மணித் தீர்ப்பையும் ஒரே சொல்லால் குறிக்கிறோம் என்பதே அந்தச் சொல்லை எச்சரிக்கையாகப் புழங்குவதற்குக் காரணம்.

கடைசியாக ஒரு பயன்பாடு உண்டு. தத்துவப் புத்தகங்கள் இதை அதிகம் கண்டுகொள்வதில்லை. திரும்பி வராத அதிகாரத்தைப் பிடித்து இழுத்துத் திரும்ப வைப்பதற்கு அபத்தத்தையே கையில் எடுப்பது. 2017 மார்ச்சில் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். மண்டை ஓடுகளை முன்னால் வைத்தார்கள், எலியை வாயில் கவ்வினார்கள், தரையில் சோற்றைக் கொட்டிச் சாப்பிட்டார்கள். வறட்சியும் கடனும் வெறும் மனுவாகப் போயிருந்தால் யார் பார்த்திருப்பார்கள் என்பது நியாயமான கேள்வி. கேமராக்கள் வந்தன. ஆனால் நேற்றைய கோலத்தை இன்று படமெடுக்க யாரும் வரமாட்டார்கள் என்பதால் நாளுக்கொரு கோலம் தேவைப்பட்டது. பார்த்தவர்களுக்குக் கடைசியில் கோலம் நினைவிருந்தது, கோரிக்கை நினைவில்லை. அவர்களுடைய துயரத்தைக் குறைத்து இதைச் சொல்லவில்லை, கருவி அப்படிப்பட்டது.

அதே கருவியை உத்தரப் பிரதேசத்து ஆஜம்கர்க்காரர் லால் பிஹாரி பிடித்த பிடி வேறு. நிலத்தை அபகரிக்க உறவினர் செய்த ஏற்பாட்டில், 1975 முதல் அரசுப் பதிவேட்டில் அவர் இறந்தவர். உயிரோடு எதிரே வந்து நின்றாலும் பதிவேடுதான் பேசும். 'நான் உயிரோடிருக்கிறேன்' என்று வாதாடித் தோற்ற பிறகு அவர் எதிர்த்திசையில் நடந்தார்: சரி, நான் இறந்தவன் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் என் மனைவிக்கு விதவை உதவித்தொகை கொடுங்கள் என்று விண்ணப்பித்தார். தனக்கே இறுதி ஊர்வலம் நடத்தினார். 1988ல் அலகாபாத்தில் வி.பி. சிங்கை எதிர்த்தும் 1989ல் அமேதியில் ராஜீவ் காந்தியை எதிர்த்தும் தேர்தலில் நின்றார். இறந்தவன் என்றால் மனுவைத் தள்ள வேண்டும், ஏற்றால் உயிரோடிருப்பவன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தன்னைப் போலப் பதிவேட்டில் செத்தவர்களையெல்லாம் சேர்த்து இறந்தோர் சங்கமும் அமைத்தார். ஜந்தர் மந்தரில் ஒவ்வொரு நாளும் புதுக்கோலம் வேண்டியிருந்தது. லால் பிஹாரிக்குப் புதிதாக எதுவும் வேண்டியிருக்கவில்லை. அரசாங்கத்தின் ஒரே வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அது போய் முட்டுகிற இடம்வரை அதிகாரிகளைக் கூடவே நடத்திக்கொண்டு போனார். 1994ல் பதிவேடு அவரை உயிரோடிருப்பவராக ஏற்றது. 2003ல் அமெரிக்காவில் விளையாட்டாகத் தரும் இக்நோபல் பரிசுகளில் சமாதானத்துக்கான பரிசை அவருக்கு அறிவித்தார்கள். பெயரோடு ஒட்டிக்கொண்ட 'மிருதக்', அதாவது இறந்தவர் என்ற பட்டம் மட்டும் இன்னும் அவரை விட்டுப் போகவில்லை.